ஒரு மணி நேரத்துக்குள் பதில்

முட்டை நாற்றம்தான் முதலில் வந்து வரவேற்றது. மாமா அதற்குப் பிறகுதான் வந்தார்.

"வாங்க மாப்பிள்ளை! லிஃப்ட்லயா வந்தீங்க?"

"ஆமா மாமா. அஞ்சாவது மாடியாச்சே."

"இந்த வயசுலயே லிஃப்டா? என்னைப் பாருங்க. போன வருஷத்துலேருந்து படிதான். தொப்பை கரையும். திரும்பும்போது படியிலயே இறங்கிடுங்க, என்ன?"

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு இரைத்தது. மாமா என்றால் என் மனைவியின் அப்பா. அறுபத்தொரு வயது. இரண்டு முழங்கால்களும் தகராறு. வீட்டு சோபாவிலிருந்து எழுந்திருக்கவே அவருக்கு யாராவது கை கொடுக்க வேண்டும். அவர் தினமும் ஐந்து மாடி ஏறுகிறாரா? தொப்பை அப்படியேதான் இருந்தது.

அந்த அலுவலகம் லிஃப்ட் விற்று, மாட்டி, பராமரிக்கும் கம்பெனி. லிஃப்டுகள் வெளிநாட்டில் தயாராகி வருகின்றன. மாமா இளவயதில் அந்தத் தொழிற்சாலையில் ஏழு வருடம் வேலை பார்த்தவர். அந்த நாட்டு பாஷை அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதனால்தான் வெளிநாட்டுக் கடிதங்களுக்கெல்லாம் அவர் மேலாளர். அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் கொட்டை எழுத்தில் ஒரு அட்டை தொங்கியது: 'எந்த மடலுக்கும் ஒரு மணி நேரத்துக்குள் பதில்.' அட்டையின் மூலையில் காய்ந்துபோன மஞ்சள் கரு.

நான் கெட்டுப்போன மெயில்களைச் சரிசெய்கிறவன். அயல்மொழி மெயில் ஒன்று கிறுக்கலும் கட்டமுமாக வந்து விழுந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். எழுத்துகள் கம்பி வழியே எண்களாகத்தான் பயணம் செய்கின்றன. எந்த எண் எந்த எழுத்து என்று சொல்ல ஓர் அட்டவணை உண்டு. அனுப்பியவர் ஓர் அட்டவணையும் வாங்கியவர் வேறோர் அட்டவணையும் வைத்திருந்தால் திரையில் கோழி கிளறிய மாதிரி கிறுக்கல் வரும். அது நோய். மருந்து உண்டு. சரியான அட்டவணையைப் போட்டால் எழுத்துகள் எழுந்து உட்கார்ந்துவிடும்.

வரிசையாகக் கேள்விக்குறிகள் மட்டும் வந்தால் அது வேறு. அங்கே எண்களே அழிந்துவிட்டன. அது பிணம். பிணத்துக்கு நான் வைத்தியம் பார்ப்பதில்லை.

"ஒண்ணும் பெரிய வேலை இல்ல" என்றார் மாமா. "ஃபேக்டரிகாரன் அனுப்பின மெயில் எல்லாம் வெறும் கேள்விக்குறியா வந்து விழுந்திருக்கு. ரெண்டு வருஷ மெயில். விசாரணை அதிகாரி இன்னைக்கு நாலு மணிக்கு வராங்க. 'இந்த மடல்கள் வந்தபோதே சிதைந்திருந்தன, படிக்க வழியில்லை'ன்னு நீங்க ஒரு கையெழுத்து போட்டாப் போதும். டைப் பண்ணியே வெச்சிருக்கேன்."

"நான் பாக்கறதுக்கு முன்னாடியேவா?"

"நேரம் மிச்சமாகுமில்ல?"

காதைக் குடைந்துகொண்டிருந்த பேப்பர் கிளிப்பை வெளியே எடுத்தார். வெளிச்சத்தில் ஒரு தரம் பார்த்தார். அதே கிளிப்பால் அந்தச் சான்றிதழையும் நகலையும் சேர்த்துக் குத்தி என்னிடம் நீட்டினார். நான் ஓரத்தில் பிடித்து வாங்கினேன்.

"முட்டை சாப்பிடறீங்களா? ரிசப்ஷன் அக்கா இப்பத்தான் கீழேருந்து சூடா வாங்கிட்டு வந்துச்சு."

வேண்டாம் என்பதற்குள் உரித்த முட்டை ஒன்று என் உள்ளங்கைக்கு வந்துவிட்டது. வெள்ளையில் அவர் கட்டைவிரல் ரேகை தெளிவாக விழுந்திருந்தது. பெண் கொடுத்த மனுஷர். விழுங்கினேன்.

விசாரணை எதற்கு என்று ஊருக்கே தெரியும். பதின்மூன்று நாட்களுக்கு முன்னால், இந்தக் கம்பெனி மாட்டிய லிஃப்ட் ஒன்று மூன்றாவது மாடியில் கதவு திறந்தபடியே நகர்ந்தது. பிரேக் பிடிக்கவில்லை. தைத்த துணிகளைக் கொடுத்துவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்த ஒரு தையல்காரப் பெண்மணி அப்போதுதான் ஒரு காலை உள்ளே வைத்திருந்தார். மீதியை நான் எழுதப்போவதில்லை. பத்திரிகைகள் எழுதித் தீர்த்துவிட்டன.

பழி மெக்கானிக் தலையில் விழுந்தது. ஒழுங்காகச் சோதிக்காமல் 'சரி' என்று கையெழுத்துப் போட்டான் என்று கம்பெனி சொன்னது. இன்றைய விசாரணையில் அது உறுதியானால் நேராகச் சிறை.

அந்த மெக்கானிக் வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்திருந்தான். எல்லோரும் அவனைக் 'கிரீஸ்' என்றுதான் கூப்பிட்டார்கள். இன்றைக்கு அந்தப் பெயருக்கு அவனிடம் அடையாளமே இல்லை. தோல் உரிகிற அளவுக்குக் கைகளைத் தேய்த்துக் கழுவியிருந்தான். நகக்கண்கள் சிவந்திருந்தன. நான் தண்ணீர் குடிக்கப் போனபோது எழுந்து நின்றான்.

"சார், நீங்க பெரியவரோட மாப்பிள்ளைதானே? உங்க வீட்டு லிஃப்ட் எப்படி ஓடுது?"

"நல்லா ஓடுது."

"சத்தம் கித்தம்?"

"ஒண்ணும் இல்ல. ஏன்?"

"சும்மா கேட்டேன் சார். நான் கை வெச்ச லிஃப்ட். கொலைகாரன்னு சொல்றாங்க. ஒண்ணாவது நல்லா ஓடுதுன்னு காதால கேக்கணும்போல இருந்துச்சு."

தண்ணீர் குடிக்காமலே திரும்பி வந்தேன்.

மாமாவின் கணினி முன்னால் உட்கார்ந்தேன். விசைகளுக்கு நடுவே முட்டையோட்டுத் துகள்கள். 'பதில் அனுப்பு' பொத்தானுக்கான விசை மட்டும் பிசுக்கேறி விரலோடு ஒட்டியது. கைக்குட்டையை விரலில் சுற்றிக்கொண்டு வேலை பார்த்தேன்.

'வந்தவை' பெட்டி. ஃபேக்டரியிலிருந்து அறுபத்து மூன்று மெயில்கள். முதலாவதைத் திறந்தேன். கேள்விக்குறி. இரண்டாவது. கேள்விக்குறி. பத்தாவது, இருபதாவது, அறுபத்து மூன்றாவது. பக்கம் பக்கமாகக் கேள்விக்குறிகள். எல்லாம் பிணம்.

மாமா சொன்னது சரிதான். கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்துவிடலாம்.

பேனாவை எடுத்தேன். தொழில் பழக்கம், ஒரு தரம் ஒவ்வொரு மெயிலும் கடைசியாக எப்போது எழுதிவைக்கப்பட்டது என்று பார்த்தேன். அறுபத்து மூன்றுக்கும் ஒரே தேதி. பதினோரு நாட்களுக்கு முன்னால், மதியம் இரண்டே காலிலிருந்து மூன்று மணிக்குள்.

விபத்து நடந்து இரண்டாம் நாள்.

மெயில்கள் வந்தபோது சிதையவில்லை. யாரோ உட்கார்ந்து, ஒரே மதியத்தில், அத்தனையையும் வெளியே எடுத்து, அந்த மொழியின் எழுத்துகளை ஏற்காத வடிவத்தில் சேமித்து, மறுபடி உள்ளே வைத்திருக்கிறார்கள். அப்படிச் செய்தால் எழுத்து ஒவ்வொன்றும் கேள்விக்குறியாகிவிடும். திரும்பி வராது. இது எல்லாருக்கும் தெரிந்த வித்தை இல்லை.

மாமாவுக்கு எப்படித் தெரியும்?

அந்தக் கேள்விக்கு விடை என்னிடமே இருந்தது. நான்தான் சொல்லிக்கொடுத்தேன். மூன்று மாதம் முன்னால் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பெருமை அடித்தேன். ஒரு வாடிக்கையாளர் தன் 'வந்தவை' பெட்டியைத் தப்பான வடிவத்தில் சேமித்துப் பாழாக்கிய கதை. "அவ்வளவுதான் மாமா, கடவுளே வந்தாலும் படிக்க முடியாது!" என்றேன். என் தொழிலைப் பற்றி ஒருநாளும் கேட்காத மனுஷர், அன்றைக்குச் சோற்றில் கை வைத்தபடியே, "எப்படி எப்படி, மறுபடி சொல்லுங்க" என்றார். மருமகன் மேல் மரியாதை வந்துவிட்டது என்று நினைத்து, மறுபடியும் சொன்னேன். படிப்படியாக. பேப்பரில் வரைந்துகூடக் காட்டினேன்.

"ஆச்சா மாப்பிள்ளை?" மாமா எட்டிப் பார்த்தார்.

"எல்லாம் போயிடுச்சு மாமா."

"நான்தான் சொன்னேனே! பாவம், ஃபேக்டரிகாரன் என்ன எழுதினானோ."

"படிக்க முடியாத மெயிலுக்கு என்ன பண்ணீங்க?"

"என்ன பண்றது? மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்ல? வந்த மெயிலுக்கு ஒரு மணி நேரத்துல பதில் போட்டிருவேன். முப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு லெட்டருக்கும் ஒரு மெயிலுக்கும் பதில் போடாம இருந்ததில்ல." சுவரிலிருந்த அட்டையைப் பெருமையோடு பார்த்தார். அடுத்த முட்டையை மேஜை விளிம்பில் தட்டிக்கொண்டே போய்விட்டார்.

பதில்!

பதில் போட்டால், நாம் எழுதுகிற வரிக்குக் கீழே வந்த மெயிலும் தானாகவே ஒட்டிக்கொண்டு போகும். போனதன் நகல் 'அனுப்பியவை' பெட்டியில் தங்கும். என் சாப்பாட்டு மேஜைக் கதையில் அந்தப் பெட்டி வரவே இல்லை. நான் சொல்லாததை மாமா செய்திருப்பாரா?

திறந்தேன். அறுபத்து மூன்று பதில்கள். முதலாவதைத் தொட்டேன். கோழி கிளறல். வளைவும் புள்ளியும் தலைகீழ் வாலும். இரண்டாவதும் அப்படியே. எல்லாமே கிறுக்கல்.

சிரிப்பு வந்தது. மாமா இதை எட்டிப் பார்த்திருப்பார். பார்த்து, 'இது ஏற்கெனவே செத்துப்போச்சு' என்று கை கழுவியிருப்பார். அவருக்குக் கிறுக்கலும் கேள்விக்குறியும் ஒன்று. இது வெறும் நோய்தான். பழங்கால மெயில் மென்பொருள், நகல் எடுக்கும்போது தப்பான அட்டவணையின் பெயரை ஒட்டிவைத்திருக்கிறது. உள்ளே எண்கள் ஒன்றுவிடாமல் பத்திரமாக இருந்தன.

மூன்று அட்டவணைகளை மாற்றிப் பார்த்தேன். நான்காவதில் திரை ஒரு தரம் கண் சிமிட்டியது. கிறுக்கலெல்லாம் கலைந்து, வரி வரியாக எழுத்துகள் எழுந்து நின்றன.

அந்த பாஷை எனக்குத் தெரியாது. கணினியின் மொழிபெயர்ப்புக்குக் கொடுத்தேன். கொஞ்சம் கரடுமுரடாக வந்தது. ஆனால் விஷயம் விளங்கப் போதும்.

பதினான்கு மாதம் முன்னால் வந்த மெயில் இது: 'கீழே எண் குறித்துள்ள ஒன்பது லிஃப்டுகளில் உள்ள பிரேக் ஸ்பிரிங்குகள் வார்ப்பிலேயே குறையுள்ளவை. உள்ளுக்குள் விரிசல் விடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. மாதாந்திரச் சோதனையில் அகப்படாது. மாற்றும்வரை ஒன்பதையும் உடனே நிறுத்திவையுங்கள். புது ஸ்பிரிங்குகளை நாங்களே அனுப்புகிறோம்.'

அதற்கு மேலே, நாற்பது நிமிடத்தில், மாமாவின் பதில்: 'தங்கள் மடல் கிடைத்தது. மிக்க நன்றி. குறித்துக்கொண்டோம்.'

வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதை மூன்று தரம் படித்தேன். வராந்தாவில் தோல் உரியக் கை கழுவிவிட்டு உட்கார்ந்திருக்கிறவனுக்கு இந்த ஒரு வரி போதும்.

ஃபேக்டரி விடவில்லை. இரண்டாம் மெயில், 'ஏன் இன்னும் நிறுத்தவில்லை?' கிடைத்தது, நன்றி, குறித்துக்கொண்டோம். மூன்றாவது, 'உயிருக்கு ஆபத்து.' கிடைத்தது, நன்றி, குறித்துக்கொண்டோம். பிணத்துக்கு முன்னால் நின்று பல்லிளிக்கிற மாதிரி அந்த மூன்று வார்த்தைகள், பதிலுக்குப் பதில்.

ஒரே ஒரு பதில் மட்டும் நீளமாக இருந்தது. பன்னிரண்டு மாதம் முன்னால் மாமா எழுதியது. 'ஒரு ஸ்பிரிங் மட்டும் அனுப்பவும். லிஃப்ட் எண் ஆறுக்கு. மிக அவசரம்.' ஃபேக்டரி திருப்பிக் கேட்டிருந்தது: 'ஒன்பது தேவை. ஒன்று மட்டும் ஏன்?' மாமா: 'இப்போதைக்கு ஒன்று போதும். நன்றி.'

ஒன்பது லிஃப்டுகளின் பட்டியலை எடுத்தேன். எண் மூன்று, தையல்காரப் பெண்மணி. எண் ஒன்பதின் முகவரி, நான் உட்கார்ந்திருந்த இதே கட்டடம். மாமாவின் தொப்பை கரையும் ரகசியம் புரிந்தது. எண் ஆறின் முகவரியைப் படித்தேன். கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தேன்.

மனைவிக்குப் போன் போட்டேன்.

"என்னங்க இந்த நேரத்துல? அடுப்புல பால் இருக்கு."

"அடுப்ப அணைச்சிட்டு வெளிய வா. நம்ம லிஃப்டுக்குள்ள, பட்டனுக்கு மேல ஒரு தகடு இருக்கும். அதுல என்ன நம்பர்னு பாத்துச் சொல்லு."

"எதுக்கு, லாட்டரியா?"

"பாத்துச் சொல்லும்மா."

செருப்புச் சத்தம். மணி அடித்து லிஃப்ட் கதவு திறக்கும் சத்தம். "கம்பெனி பேரு இருக்கு. கீழ ஆறுன்னு போட்டிருக்கு. வேற ஒண்ணும் இல்ல… ஐயையோ! வீட்டுக் கதவு சாத்திக்கிச்சு. சாவி உள்ள இருக்கு. உங்களாலதான்!"

"போன வருஷம் அந்த லிஃப்ட்ல ஏதாவது ரிப்பேர் நடந்துதா?"

"ஆமா, ஒரு ஞாயித்துக்கிழமை. நீங்க வெளியூர் போயிருந்தீங்க. அப்பாவே கூட நின்னு செய்யவெச்சாரு. கிரீஸ்னு ஒருத்தர் வந்தாரு. நம்ம குட்டி அவருக்குத் தண்ணி கொண்டுபோய்க் குடுத்துச்சு. லீவு நாள்ல வந்து, முட்டி வலியோட, மெஷின் ரூம் வரைக்கும் ஏறினாரு அப்பா. பேத்தின்னா அவ்வளவு உயிர். ஏங்க, உங்க குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"சாயந்தரம் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன்.

பன்னிரண்டு மாதமாக அந்த லிஃப்டில் ஏறி இறங்கியிருக்கிறேன். கண்ணாடியில் தலை வாரியிருக்கிறேன். குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு கவலையும் இல்லாமல் பட்டனை அமுக்கியிருக்கிறேன். எட்டு வீட்டுக் கூரைக்கு எரிகிற கொள்ளியை வைத்துவிட்டு, ஒரு வீட்டுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார் இவர். அந்த ஈரத்தில் நான் சுகமாகத் தூங்கியிருக்கிறேன்.

வேண்டியதை அச்செடுத்தேன். பதினோரு தாள்.

"என்ன மாப்பிள்ளை, பிரின்ட் எல்லாம் ஓடுது?"

மாமா வாசலில் நின்றார். கையில் பாதி கடித்த முட்டை. தாளைக் கைவிடாமல் நீட்டிக் காட்டினேன். அவருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. தன் பாஷையிலேயே, தன் வார்த்தைகளையே படித்தார். மெல்லுவதை நிறுத்தினார். பிறகு மறுபடி மென்று விழுங்கினார். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. முதலில் முட்டையை முடித்தார். பிறகுதான் பேசினார்.

"உங்களுக்காகத்தானே செஞ்சேன். என் பொண்ணு, என் பேத்தி போற லிஃப்ட். ஒரு அப்பன் செய்யாததையா செஞ்சிட்டேன்?"

"ஒன்பது கேட்டிருக்கலாமே மாமா? அவங்கதான் சும்மா தரேன்னாங்களே?"

"ஒன்பது கேட்டா ஒன்பதையும் நிறுத்தணும். அப்ப புது ஆஸ்பத்திரிக்குப் பன்னெண்டு லிஃப்ட் பேசிக்கிட்டு இருந்தோம். ஊர் முழுக்க நம்ம லிஃப்ட் நிக்குதுன்னா எவன் நம்புவான்? முதலாளி 'ஆறப்போடுங்க'ன்னாரு. ஆறப்போட்டேன்."

"கிரீஸ்?"

"அவனுக்கு என்ன? ஒரு ரெண்டு வருஷம். முதலாளி அவன் குடும்பத்தைப் பாத்துப்பாரு. நான் வாக்கு வாங்கியிருக்கேன்." ஏதோ வரம் வாங்கித் தந்தவர் மாதிரி சொன்னார். "நாளைக்கு உங்க பொண்டாட்டி கேப்பா, எங்க அப்பாவ நீங்களே மாட்டிவிட்டீங்களான்னு. என்ன சொல்வீங்க? வேணாம் மாப்பிள்ளை. அந்தத் தாளை இப்படிக் குடுங்க."

கை நீண்டது. விரல் நுனியில் மஞ்சள் கரு.

அவள் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியாது. அது நிஜம். பயமாகத்தான் இருந்தது. தாளைப் பிடித்திருந்த என் விரல்கள் ஒரு கணம் தளர்ந்ததையும் மறைக்கப்போவதில்லை.

"சரி, மிச்ச ஏழு லிஃப்ட்?" என்றேன். "இன்னும் ஓடுதா?"

ஒரு மணி நேரத்துக்குள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறவர், சுவரைப் பார்த்தார்.

அப்போதுதான் வராந்தாவில் 'டிங்' என்று மணி அடித்தது. ரிசப்ஷன் அக்காவின் குரல்: "சார், அதிகாரி அம்மாவுக்கு பிஸ்கட் வாங்கிட்டு வந்துடறேன்!"

தாள்களோடு நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினேன். லிஃப்ட் கதவு மூடிக்கொண்டிருந்தது. விரலை நுழைப்பதற்குள் மூடிவிட்டது. உள்ளே இருந்து அக்கா சிரித்துக்கொண்டே கையசைப்பது கண்ணாடிச் சதுரத்தில் தெரிந்தது. ஐந்து. நான்கு. மூன்று. எண்கள் ஒவ்வொன்றாக இறங்கின. இரண்டில் கொஞ்சம் நின்ற மாதிரி இருந்தது. ஒன்று. தரைத்தளம்.

'டிங்.' கீழே கதவு திறக்கும் சத்தம். வாசல் பக்கம் நடந்துபோகும் செருப்புச் சத்தம். அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

தினமும் இந்த லிஃப்டில்தான் அவரை முட்டை வாங்க அனுப்பிக்கொண்டிருந்தார் மாமா. தான் மட்டும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியில் ஏறிக்கொண்டு. வாயில் மிச்சமிருந்த அந்தச் சுவையைக் குப்பைத் தொட்டியில் துப்பினேன். போகவில்லை.

"கிரீஸ்! இந்த லிஃப்டை நிறுத்தணும். உடனே. மெயின் சுவிட்ச் எது?"

அவன் எழுந்தான். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "நான் எதையும் தொடக் கூடாதுன்னு எழுதிக் குடுத்திருக்காங்க சார்."

"நீங்க தொட வேணாம். காட்டுங்க, நான் தொடறேன்."

வராந்தா முனையில் இருந்த இரும்புப் பெட்டியை மோவாயால் காட்டினான். "மேலேருந்து ரெண்டாவது, சிவப்பு. உள்ள ஆள் இல்லைன்னு பாத்துட்டுத்தானே சார்?"

ஜெயிலுக்குப் போகப்போகிறவன் கேட்ட கேள்வி அது. பார்த்தேன். அக்கா இறங்கிய பிறகு எண் பலகை தரைத்தளத்தைவிட்டு அசையவில்லை; உள்ளே ஆள் இல்லை. இழுத்தேன். 'டக்' என்றது. லிஃப்டின் விளக்குகள் அணைந்தன.

"மாப்பிள்ளை!" மாமாவின் குரல் பின்னாலிருந்து கேட்டது. திரும்பவில்லை.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே அதிகாரி வந்தார். ஐம்பது வயது இருக்கும். கடும் ஜலதோஷம். ஐந்து மாடி ஏறி வந்ததில் மூக்கும் கண்ணும் ஒன்றாக ஒழுகின. மூச்சு முட்டியது. பின்னால் பிஸ்கட் பொட்டலத்தோடு ரிசப்ஷன் அக்காவும் இரைக்க இரைக்க வந்தார்.

"யார் லிஃப்டை நிறுத்தினது?" என்றார் அதிகாரி, கைக்குட்டைக்குள்ளிருந்து. "லிஃப்ட் கம்பெனியில லிஃப்ட் ஓடல. கேவலமா இல்ல?"

"நான்தாங்க நிறுத்தினேன். காரணம் இதுல இருக்கு."

பதினோரு தாள்களையும் மேஜையில் வைத்தேன். பக்கத்தில் கையெழுத்துப் போடாத சான்றிதழையும் வைத்தேன், மாமாவின் கிளிப்போடு சேர்த்து. அதிகாரியைப் பார்த்துத் தன் அறையிலிருந்து வந்து நின்ற முதலாளி முகம் வெளுத்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதிகாரி கையை உயர்த்தினார். நின்றுகொண்டே படித்தார். இரண்டு தரம் தும்மினார். நான்காவது தாளில் உட்கார்ந்துவிட்டார்.

"வந்தப்பவே கேள்விக்குறியா இருந்துதுன்னு எனக்கு எழுதிக் குடுத்திருக்காங்களே?"

"பதினோரு நாள் முன்னாடிதான் அப்படி ஆச்சு. தேதி இருக்கு. படிக்க முடியாத மெயிலைப் படிச்சு, ஒரே ஒரு ஸ்பிரிங் அனுப்புன்னு யாரும் பதில் எழுத மாட்டாங்க. அந்தப் பதிலும் இருக்கு. ஃபேக்டரிக்கே எழுதிக் கேளுங்க. வரிக்கு வரி ஒத்துப்போகும்."

"நீங்க இவருக்கு என்ன வேணும்?"

"மாப்பிள்ளை."

அதிகாரி என்னையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அந்த ஒரு ஸ்பிரிங் யார் வீட்டு லிஃப்டுக்குப் போச்சு?"

"என் வீட்டுக்குங்க."

கதவருகே நின்றிருந்த கிரீஸ் நிமிர்ந்தான். அவன் முகத்தில் கோபத்தைத் தேடினேன். இல்லை. வேறு ஏதோ கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"அன்னைக்கே கேட்டேன் அம்மா" என்றான் அதிகாரியிடம். "'பழைய ஸ்பிரிங் நல்லாத்தானே சார் இருக்கு, எதுக்கு மாத்தணும்? மாத்தணும்னா மத்ததையும் மாத்தலாமே'ன்னேன். 'மத்ததெல்லாம் நல்ல சரக்கு, நீ வேலையப் பாரு'ன்னாரு." கொஞ்சம் தயங்கினான். "அம்மா, மிச்சம் ஆறு லிஃப்ட் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. ஆறு மெஷின் ரூமும் எனக்குத்தான் தெரியும். ஒண்ணு ஸ்கூலு. விட்டு ஒரு மணி நேரமாவுது, ஆனா டீச்சருங்க இருப்பாங்க. நான் போய் நிறுத்திட்டு வந்து உக்காரவா? ஓடிட மாட்டேன்."

"நீங்க இனிமே உக்கார வேணாம்" என்றார் அதிகாரி. "என் ஜீப் கீழ நிக்குது. டிரைவர்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க. ஸ்கூலுக்கு முதல்ல."

அவன் படியில் இறங்கவில்லை, விழுந்தான் என்றே சொல்ல வேண்டும். இரண்டு இரண்டு படியாகத் தாவும் சத்தம் தரைத்தளம் வரைக்கும் கேட்டது.

அதிகாரி பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார். மாமாவிடம், "வெளியே எங்கயும் போகாதீங்க. போலீஸ் வரும்" என்றார், தலை நிமிராமல். மாமா தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார், அந்த அட்டைக்குக் கீழே. மேஜை மேல் கிடந்த முட்டையோடுகளை விரலால் ஒவ்வொன்றாகக் கூட்டிக் குவித்தார். நான் பையை எடுத்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போனபோது மெதுவாகக் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, இதையெல்லாம் முடிச்சிட்டு, என்னை விட்டாங்கன்னா, பேத்திய ஒரு தடவை பாத்துட்டுப் போறேன். வரலாமில்ல?"

குரல் உடைந்திருந்தது. கண்ணில் நிஜமாகவே தண்ணீர். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது. அந்தப் பாசத்தில் பொய் இல்லை.

"வாங்க மாமா" என்றேன். "முட்டிய நோகடிச்சுக்காம லிஃப்ட்லயே வாங்க. எங்க வீட்டு லிஃப்ட் ஒண்ணுக்குத்தான் ஒண்ணும் ஆகாது."